சுருக்குதலும் மறைத்தலும்

கனகராயன்குளத்து வைப்பாளர்களின் முகவரிப் பதிவேடு, வங்கியொன்றின் பெருங்கணினியில் உள்ளதெனக் கொள்வோம். வரிதோறும் அவ்வூர்ப் பெயர் வரும். யூ.டி.எஃப்-8 குறியீட்டில் அதனை ஒருமுறை எழுதவே 39 பைட்டுகள் செலவாகும். லெம்பெல், ஸிவ் என்னும் அறிஞர் இருவர் 1977இல் இதற்கொரு வழி கூறினர். பெயரை ஒருமுறை முழுமையாக எழுதுக. மறுமுறை வருமிடத்தில், இத்தனை இடம் பின்சென்று இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்க என்னும் குறிப்பே போதும். நம் கடைக்காரர் கணக்கேட்டில் இடும் ‘மேற்படி’யும் இதுவே அன்றோ!

இனி, பதிவேட்டின் படியைத் தாங்கிய காந்த நாடா வழியில் தவறி அயலார் கையிற் சிக்கினால், ஏழையின் சேமிப்பும் அம்பலமாகும். அதனைத் தடுப்பதே மறையீடு. அமெரிக்க அரசு 2001இல் தரமாக ஏற்ற ஏ.இ.எஸ். முறை, திறவுகோல் இல்லாதார் படிக்கவொண்ணாதவாறு பதிவை உருமாற்றிவிடும்.

இவ்விரண்டில் எதனை முதலிற் செய்வது? சுருக்கிய பின்னரே மறைத்தல் வேண்டும். மறைத்த பதிவில் ஒழுங்கின் சுவடே தோன்றாது. ‘மேற்படி’ இடுதற்கு இடமேது? அதனைச் சுருக்கப் புகுந்தால், கோப்புச் சற்றே பெருத்தலும் உண்டு.

திறவுகோல் தொலைந்தாலோ, உரிய வங்கிக்கும் அந்நாடா ஊமையே. ஆதலின் அதன் படியொன்றை நாடாவோடு வையாது, வேறிடத்திற் காப்பர்.