அப்டேட் செய்தபின் வை-ஃபை காணவில்லையா?

உபுண்டுவில் கெர்னல் அப்டேட் முடிந்து லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்கிறீர்கள், வை-ஃபையே காணோம். கார்டு போய்விட்டது என்று கடைக்கு ஓட வேண்டாம். (நான் ஓடியிருக்கிறேன்!)

பிராட்காம் கார்டுகள் சிலவற்றுக்கான 'டபிள்யூஎல்' டிரைவர் கெர்னலுடன் வருவதில்லை. ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் டிகேஎம்எஸ் என்ற புரோகிராம் அதை மறுபடி கம்பைல் செய்யும். அதற்கு அந்தக் கெர்னலுக்குரிய ஹெடர் பைல்கள் தேவை. இல்லையென்றால் டிரைவர் உருவாகாது.

சரி, நெட் இல்லாமல் அவற்றை எப்படி இறக்குவது? பழைய கெர்னல் இன்னும் ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கிறது. லேப்டாப் தொடங்கும்போது ஷிப்ட் கீயை அழுத்திப் பிடியுங்கள். யுஇஎஃப்ஐ மாடல்களில் எஸ்கேப் கீயை ஒருமுறை தட்டுங்கள். கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' சென்று பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். வை-ஃபை வந்தால் கார்டில் கோளாறு இல்லை. உடனே 'லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக்' பேக்கேஜை இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். புதிய கெர்னலில் வை-ஃபை கிடைக்கும்வரை பழையதை அழித்துவிடாதீர்கள்.