மழையில் பிரேக் பிடிக்க வேண்டுமானால்

இந்த ஆண்டு பேரன் சைக்கிளிலேயே பள்ளிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டான். அவன் அம்மா உடனே என் முகத்தைப் பார்த்தாள். காரணம் எங்கள் இருவருக்கும் தெரியும். அதைச் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை.

1994ஆம் ஆண்டு, ஆடி மாதம். கொச்சித் துறைமுகத் தீவிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்துகொண்டிருந்தேன். பின் கேரியரில் எட்டு வயது மகள். பாலத்தைக் கடந்து தோப்பும்படி சந்திக்கு வரும்போது முன்னால் ஒரு பஸ் நின்றது. இரண்டு பிரேக்கையும் இறுகப் பிடித்தேன். சைக்கிள் நிற்கவில்லை; வேகம் குறைந்ததாகக்கூடத் தெரியவில்லை. ஹேண்டிலைத் திருப்பி நேந்திரங்காய்க் கைவண்டியில் மோதினோம். மகளுக்கு முழங்கால் தோல் உரிந்தது. காய்க்காரர் என்னைத் திட்டியதைவிட அவளைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்ததுதான் அதிகம்.

சைக்கிளை பஜார் ரோடு பக்கம் ஒரு பழைய கடைக்கு உருட்டிச் சென்றேன். கடைக்கார இக்கா ரிம்மை விரலால் தடவி முகர்ந்தார். "சாரே, இது சைக்கிளா, பப்படம் பொரிக்கிற சட்டியா?" என்றார். துரு பிடிக்கக் கூடாதென்று முதல் நாள் இரவு ரிம் முழுக்கத் தேங்காய் எண்ணெய் தடவியவன் நானேதான். தவறு வேறு யாருடையதும் அல்ல.

நம்மில் பலர் ஓட்டியது கம்பி பிரேக் வைத்த கருப்பு சைக்கிள். கைப்பிடியை அழுத்தினால் கம்பிகள் வழியே ஒரு வளைவுச் சட்டம் மேலே இழுபடும். அதிலுள்ள இரண்டு ரப்பர் கட்டைகள் ரிம்மின் உட்பக்கத்தில் போய் அழுந்தும். உராய்வு ஒன்றுதான் சக்கரத்தை நிறுத்துகிறது. பளபளப்பான இரும்பு ரிம்மில் தண்ணீர் படிந்தால், ரப்பருக்கும் இரும்புக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் நின்றுவிடும். சக்கரம் சில சுற்றுச் சுற்றிக் கட்டை அதை வழித்தெடுத்த பிறகே பிடி கிடைக்கும். எண்ணெயானால் வழித்தாலும் போகாது. அலுமினிய ரிம் மழையில் இவ்வளவு மோசம் செய்யாது.

கொச்சியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. சென்னையில் பெய்வதைப் போல இருமடங்குக்கும் மேல். இடவப்பாதியில், அதாவது நம் வைகாசி நடுவில் தொடங்கி, ஐப்பசியில் துலாவர்ஷம் என்று மறுபடியும் வந்து நிற்கும். போதாததற்குக் காயல் காற்றின் உப்பு. அது ரிம்மின் மேல்பூச்சில் புள்ளி புள்ளியாய்த் துருவேற்றும். சொரசொரப்பான அந்த ரிம் கட்டையை அரைத்துத் தின்னும். டொராண்டோவில் இருக்கும் மைத்துனர், அங்கே பனியை உருக்கச் சாலையில் உப்புத் தூவுவார்கள், சைக்கிள் நம் ஊரைப் போலவே துருப்பிடிக்கிறது என்றார். வேறு ஒரு தொல்லையும் உண்டாம்: கேபிள் உறைக்குள் புகுந்த நீர் வெளியே போனதும் உறைந்து பிரேக்கே நகராமல் போய்விடும். அந்த ஒன்று மட்டும் நமக்கு இல்லை.

இக்கா அன்று செய்ததைப் பார்த்தே நான் கற்றுக்கொண்டேன். ரிம்மைச் சோப்புத் தண்ணீரால் இரண்டு முறை கழுவினார். கட்டைகளைக் கழற்றி எறிந்தார். எண்ணெய் ஊறிய ரப்பரை நம்பக் கூடாதாம். புதுக் கட்டையின் முகத்தை உப்புத்தாளில் இரண்டு இழுப்பு இழுத்து மாட்டினார். அப்போது அவர் காட்டிய ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. சில கட்டைகள் தகரக் கூட்டுக்குள் செருகியவை. கூட்டின் ஒரு முனை மூடியும் மறுமுனை திறந்தும் இருக்கும். சக்கரம் சுழன்று போகும் திசையில் மூடிய முனை இருக்க வேண்டும். மாற்றி மாட்டினால் பிரேக் போடும்போது ரிம்மே ரப்பரை உருவி வெளியே தள்ளிவிடும். பிறகு இரும்புதான் இரும்பில் உரசும்.

அன்று முதல் மழைக்காலத்தில் வீட்டுக்கு வந்ததும் என் முதல் வேலை, நல்ல தண்ணீரை ஊற்றி உப்பையும் சேற்றையும் கழுவி, ரிம்மைப் பழைய வேட்டித் துணியால் துடைப்பது. ஐந்து நிமிடம்கூட ஆகாது. கட்டையில் மணலோ இரும்புத் துணுக்கோ பதிந்திருந்தால் ஊசியால் நெம்பி எடுத்துவிடுவேன். கட்டைக்கும் ரிம்முக்கும் சுமார் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி போதும். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டால் ஒரு சுற்றில் ஓரிடத்தில் மட்டும் உரசுகிறதா என்று தெரியும். உரசினால் ரிம் வளைந்திருக்கிறது, அது கடைக்காரர் வேலை. கம்பிகளின் மூட்டுகளுக்கு வாரம் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் தலைக்கு மட்டும்!

பேரனுடையது கேபிள் பிரேக். கைப்பிடிக்குள் கேபிளின் முனை இருக்கும் இடத்தில் ஓர் இழை அறுந்திருந்தாலும் உடனே மாற்றிவிட வேண்டும்; மிச்ச இழைகள் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. உறைக்குள் எண்ணெய் விட்டும் பிடி கனமாகவே இருந்தால், உள்ளே துரு என்று பொருள். புதுக் கேபிளின் விலையைப் பார்த்துத் தயங்காதீர்கள்.

ஓட்டும் முறையும் மாற வேண்டும். ஃபோர்ட் கொச்சி வேளியில், டோபிகானாவில் துணி வெளுக்கும் நம் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மழையில் சைக்கிளில் போவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். "தம்பி, நிக்கிற இடத்துல பிரேக் போடாதீங்க. அதுக்குப் பத்து அடி முன்னாடியே லேசாப் போட்டு ரிம்மைத் துடைச்சுக்குங்க" என்றார். நீர்ப்படலத்தைப் பற்றி நான் மேலே எழுதியதெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. சுமை கூடினால் நிற்கும் தூரமும் கூடும். திருப்பத்தில் முன் பிரேக்கை இறுகப் பிடித்தால் ஈரச் சாலையில் முன்சக்கரம் வழுக்கிவிடும். நேராகப் போகும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

நேற்று மாலை பேரனை வாசலில் உட்காரவைத்துச் சக்கரத்தைத் துடைக்கச் சொன்னேன். பின் சக்கரத்தின் ஒரு கட்டை தேய்ந்து கூட்டின் விளிம்பு வரை வந்திருந்தது. நான் சொல்வதற்குள் அவனே கண்டுபிடித்தான். இக்காவின் கடை இப்போது இல்லை. புதுக் கட்டை வாங்க இன்று சாயங்காலம் தோப்பும்படி வரை போகிறோம், நடந்துதான்.