கடவுச்சொல்லை மாற்றிய பிறகும்

2016 மார்ச் 19. ஹிலாரி கிளிண்டனின் தேர்தல் பிரசாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவின் ஜிமெயிலுக்கு, கூகுள் அனுப்பியதுபோல ஓர் எச்சரிக்கை வந்தது: உங்கள் கடவுச்சொல் வேறொருவரிடம் இருக்கிறது, உடனே மாற்றுங்கள். பிரசார அலுவலகத்தின் கணினி உதவியாளர் தன் பதிலில் கூகுளின் சரியான முகவரியையே கொடுத்து, இரண்டடுக்குப் பாதுகாப்பையும் போடச் சொன்னார். ஆனால் அழுத்தப்பட்டது போலிக் கடிதத்தில் இருந்த இணைப்பு. 50,000-க்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் களவுபோயின. 2018-இல் ரஷ்ய ராணுவ உளவுத்துறையினர் 12 பேர்மீது அமெரிக்கா குற்றம் சாட்டியது.

அந்த இணைப்பு போய்ச் சேர்ந்த இடம் ‘மைஅக்கவுண்ட்.கூகுள்.காம்-செக்யூரிட்டிசெட்டிங்பேஜ்.டிகே’. கூகுள்.காம் என்று கண் படித்துவிடுகிறது. அதற்கடுத்து இருப்பதோ சாய்கோடு அல்ல, சிறுகோடு. முகவரியின் தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டால், முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் நிற்கும் பெயர்தான் தளத்தின் உரிமையாளரைச் சொல்லும். இங்கே அது ‘காம்-செக்யூரிட்டிசெட்டிங்பேஜ்.டிகே’. கூகுளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இப்படிப்பட்ட போலி இணைப்பில் சிக்கிவிட்டோம் என்று தெரிந்தால் பலரும் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு நிம்மதியாகிறார்கள். அது பாதி வேலைதான். தளத்தின் முகவரியை நீங்களே தட்டி உள்ளே போங்கள். மாற்றியதும் மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் கணக்கை வெளியேற்றுங்கள். ஏற்கெனவே உள்ளே இருப்பவரைப் புதிய கடவுச்சொல் எல்லா நேரமும் வெளியே தள்ளிவிடும் என்று சொல்ல முடியாது. பிறகு மீட்புக்கான தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். மிக முக்கியமாக, செட்டிங்ஸில் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டையும் திறந்து பாருங்கள். வரும் கடிதங்களின் நகலைத் தன் முகவரிக்கு அனுப்பவும், வங்கியின் எச்சரிக்கைகளை உங்கள் கண்ணில் படாமல் குப்பைக்குத் தள்ளவும் திருடர் அங்கே விதி எழுதி வைத்திருக்கலாம். நீங்கள் அழிக்கும்வரை அது வேலை செய்துகொண்டே இருக்கும். அறிமுகமில்லாத செயலிகளுக்குத் தரப்பட்ட அனுமதிகளையும் நீக்குங்கள். பணம் போயிருந்தால் வங்கிக்கும் இந்தியாவின் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் தாமதிக்காமல் சொல்லுங்கள்.

ஓடிபி நல்ல காவல்தான். ஆனால் போலிப் பக்கம் அதையும் கேட்டு வாங்கி, அந்த நொடியே உண்மைத் தளத்தில் போட்டுவிட முடியும். கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கைரேகை, முகம் அல்லது திரைப்பூட்டால் உள்ளே விடும் பாஸ்கீயை அப்படி வாங்க முடியாது. எந்தத் தளத்துக்காக உருவானதோ அங்கே மட்டும்தான் அது இயங்கும். அதை முதலில் மின்னஞ்சலுக்குப் போடுங்கள். மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்புகள் பெரும்பாலும் அந்தப் பெட்டிக்குத்தான் வருகின்றன.