கல்லா, கண்ணாடியா? உங்களுக்குத் தெரியுமா?

எகிப்து மன்னர் துட்டன்காமனின் முகக்கவசம். எடை 10 கிலோவுக்கு மேல், பெரும்பகுதி தங்கம்! தலைப்பாகையில் ஓடும் நீலப் பட்டைகளோ... வெறும் கண்ணாடி! 3,300 வருஷத்துக்கு முன்பே, அதுவும் ராஜாவுக்கே டூப் கல்!

நம்மாட்கள் மட்டும் சளைத்தவர்களா? ‘ஸ்படிகத்துக்குச் சாயமேற்றி ரத்தினம் போலவே செய்துவிடுகிறார்கள் இந்தியர்கள்’ என்று ரோமாபுரியில் உட்கார்ந்து எழுதிவைத்தார் அறிஞர் பிளினி. முதல் நூற்றாண்டிலேயே நம் புகழ் அங்கே போய்விட்டது!

வேப்பூர்க்காரர்களே, காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் அரிக்கமேடு போய்விடலாம். 2,000 வருஷத்துக்கு முன் அங்கே கண்ணாடியை உருக்கி, நீளக் குழலாக இழுத்து, துண்டு போட்டு மணி செய்தார்கள். பவளம் மாதிரி சிவப்பு வேண்டுமா? செம்பு சேர். பச்சை வேண்டுமா? அதற்கும் அதே செம்புதான்! உலைக்குள் காற்றை அடக்கினால் சிவப்பு, தாராளமாக விட்டால் பச்சை. விருத்தாசலத்துப் பீங்கான் சூளைக்காரரைக் கேட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்! இந்த வகை மணிகள் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் கிடைத்திருக்கின்றன, கொரியாவிலும் கிடைத்திருக்கின்றன!

பரதநாட்டிய மேடையில் தலைசாமானும் ஒட்டியாணமும் தகதகக்கிறதா? நாகர்கோவில் வடசேரியின் கைவேலையாக இருக்கலாம். அந்த வேலைக்குப் புவிசார் குறியீடே உண்டு! அன்று மாணிக்கம் பதித்த இடத்தில் இன்று பெரும்பாலும் செயற்கைக் கெம்பு. பத்தாவது வரிசையிலிருந்து பார்ப்பவருக்கு எது எதுவென்று எப்படித் தெரியும்!

பாரிஸ் நகைக்காரர் ஸ்ட்ராஸ் ஈயம் கலந்த கண்ணாடியில் ‘வைரம்’ செய்தார். தண்டனை கிடைத்ததா? 1734-ல் அரச நகைக்காரர் பட்டம் கிடைத்தது!

பிரிட்டிஷ் மகுடத்தின் நெற்றியில் ஜொலிக்கும் ‘கறுப்பு இளவரசர் மாணிக்கம்’ மாணிக்கமே அல்ல! அது ஸ்பைனல். சுமார் 170 காரட்!

பாட்டியின் அட்டிகையில் இருப்பது பர்மா சிவப்புதான் என்று சத்தியம் செய்யாதீர்கள். 1902-லேயே வெர்னோய் என்ற பிரெஞ்சுக்காரர் உலையில் மாணிக்கம் வளர்க்கும் வழியை வெளியிட்டுவிட்டார். பூமிக்கு லட்சக்கணக்கான வருஷம், அவருக்குச் சில மணி நேரம்! லென்ஸில் பாருங்கள். உள்ளே வளைந்த கோடு தெரிந்தால் அது உலைக் குழந்தை!

திருச்சிப் பக்கம் வீட்டுக்கு வீடு பட்டை தீட்டிய செயற்கை வைரத்தைக் கையில் வாங்கியிருக்கிறீர்களா? இப்போது பெரும்பாலும் ஜிர்கோனியா. அதே அளவு அசல் வைரத்தோடு தராசில் வையுங்கள். டூப்தான் ஒன்றரை மடங்குக்கும் மேல் கனம்!