அயல் மாகாணத்துக் கலாசாலையில் மிருக வைத்தியப் படிப்பு

ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த நெப்ராஸ்கா மாகாணத்தில் ஜனத்தொகை ஏறக்குறைய 20 லட்சம். மாடுகளோ சுமார் 60 லட்சம். இவ்வளவு கால்நடைச் செல்வமிருந்தும், நான்கு வருஷப் படிப்பு முழுவதையும் தானே நடத்தும் மிருக வைத்தியக் கலாசாலை அம்மாகாணத்தில் இல்லை. அவ்வாறாயின் வைத்தியர்கள் எங்கிருந்து கிடைக்கிறார்கள் என்பது கவனிக்கத் தக்கது.

மிருக வைத்தியக் கலாசாலை நடத்துவது பெருஞ் செலவுள்ள காரியம். போதகாசிரியர்களும் கட்டிடங்களும் மட்டும் போதா. ஆஸ்பத்திரி, பரிசோதனைச் சாலை, பலவகைப் பிராணிகள் யாவும் வேண்டும். வருஷத்திற்கு 10, 20 மாணவர்களுக்காக இத்தனையும் ஏற்படுத்தச் சிறிய மாகாணங்கள் துணிவதில்லை. ஆகவே, அண்டை மாகாணத்துக் கலாசாலையில் தம் மாணவர்களுக்கெனச் சில ஸ்தானங்களை ஒப்பந்தப்படி ஒதுக்கச் செய்து, அதற்குரிய தொகையைத் தம் பொக்கிஷத்திலிருந்து செலுத்துகின்றன. அந்நாட்டு அரசாங்கக் கலாசாலைகளில் வெளி மாகாணத்தாரிடம் வாங்கும் சம்பளம் உள்ளூராரிடம் வாங்குவதைவிட மிகவும் அதிகம். ஒப்பந்த ஸ்தானம் பெற்ற மாணவர் பெரும்பாலும் உள்ளூர் விகிதப்படியே செலுத்துவார். (நம் நாட்டு மிருக வைத்தியக் கலாசாலைகளிலும் நூற்றுக்கு 15 ஸ்தானங்கள் அகில இந்திய முறையில் நிரப்பப்படுகின்றன, ஆனால் அது பணங்கொடுத்துப் பெறும் ஸ்தானமன்று.)

குதிரைகளுக்குப் பேர்போன கெண்டக்கி மாகாணம் இவ்விதமே அலபாமா மாகாணத்து ஆபர்ன் கலாசாலையில் வருஷந்தோறும் 38 ஸ்தானங்களைப் பெற்று வந்திருக்கிறது. வாஷிங்டன் மாகாணத்துப் புல்மன் நகரக் கலாசாலையோடு ஐடஹோ மாகாணம் 1974 முதல் உடன்பாடு வைத்துக்கொண்டு, வருஷத்திற்கு 11 மாணவர்களை அனுப்புகிறது. ஐடஹோவின் சர்வகலாசாலை இருக்கும் மாஸ்கோ என்னும் ஊரிலிருந்து புல்மன் 8 மைல்தான். எல்லைக் கோட்டைத் தவிர வேறு தடையில்லாத இடம்.

நெப்ராஸ்காவின் ஏற்பாடு இவற்றினும் நுட்பமானது. 2007ஆம் வருஷத்தில் தொடங்கிய இத்திட்டப்படி, மாணவர்கள் முதலிரண்டு வருஷங்கள் சொந்த மாகாணத்து லிங்கன் நகரிலேயே படித்து, பின்னிரண்டு வருஷங்களுக்கு 200 மைலுக்கு அப்பாலுள்ள அயோவா மாகாணத்து ஏம்ஸ் கலாசாலைக்குச் செல்கிறார்கள். அக்கலாசாலை 1879இல் ஏற்பட்டது. லிங்கனில் இருக்கும்போதே அம்மாணவர்களுக்குத் தம் மாகாணத்து மந்தைகளோடும் பண்ணைக்காரரோடும் பழக்கம் ஏற்பட இடமுண்டு. மான்டானா மாகாணத்தார் பத்துப் பேரும் முதல் வருஷத்தை போஸ்மன் நகரில் கழித்த பின்னரே புல்மன் போகிறார்கள். படிப்பின் ஒரு பகுதியைச் சொந்த மண்ணில் வைப்பது, ஸ்தானத்தை மட்டும் விலைக்கு வாங்குவதைவிட மேலான முறையென்றே தோன்றுகிறது.

ஏனெனில், ஒதுக்கிய ஸ்தானங்களை எண்ணுவது வைத்தியர்களை எண்ணுவதாகாது. பணங்கொடுத்த மாகாணத்திற்கு மாணவர் திரும்ப வேண்டுமே! பட்டம் பெறும்போது பலர் தலையில் ஒரு லட்சம் டாலருக்கு மேற்பட்ட கடன் இருக்கிறது. பட்டணத்தில் நாய், பூனைகளுக்கு வைத்தியஞ் செய்தால் வருமானம் நன்று. வேலை நேரத்திற்கும் ஒரு வரம்புண்டு. நாட்டுப்புறத்திலோ, கன்று குறுக்கே நின்று பசு வருந்துகிறதென்று நள்ளிரவில் ஆள் வரும். பனியில் பல மைல் போகவேண்டும். உதவிக்கு வேறு வைத்தியரும் அருகில் இரார். இளைஞர் எதை நாடுவர் என்று சொல்லவேண்டியதில்லை.

இதற்காகச் சில மாகாணங்கள், படிப்பு முடிந்ததும் குறித்த காலம் திரும்பிவந்து ஊழியஞ் செய்யவேண்டும், தவறினால் பணத்தைத் திருப்பிக் கட்டவேண்டும் என்று முன்னதாகவே எழுதி வாங்கிக்கொள்கின்றன. மத்திய சர்க்காரும் 2003இல் ஒரு சட்டமியற்றி, வைத்தியர் குறைந்த பிரதேசங்களில் மூன்று வருஷம் வேலை செய்ய ஒப்புக்கொள்பவரின் கடனில் ஒரு பாகத்தைத் தானே அடைக்க முன்வந்தது. தொடக்கத்தில் இத்தொகை வருஷத்திற்கு 25,000 டாலர் வரை. நிபந்தனை எழுதி வாங்குவது இளைஞருக்குக் கடினமாகத் தோன்றலாம். எனினும் வரி செலுத்தும் குடியானவர் அதைக் கேட்பதில் நியாயமில்லாமற் போகவில்லை.

ஒப்பந்தத்தில் மற்றொரு பலவீனமும் உண்டு. ஒரு தரப்பார் விலகினால் மறு தரப்பார் புதுவழி தேடவேண்டும். ஓரிகன் மாகாணம் முன்னர் புல்மனோடு சேர்ந்திருந்து, பிறகு தன் கலாசாலையை முழுமையாக்கிக்கொண்டு பிரிந்தது. யூட்டா மாகாணம் 2012இல் அதே புல்மனோடு கூட்டுச் சேர்ந்து, வருஷத்திற்கு 20 உள்ளூர் மாணவர்களை லோகன் நகரில் இரண்டு வருஷம் பயில்வித்து அனுப்பி வந்தது. பத்து வருஷத்திற்குள் அங்கே போதகாசிரியர்களும் சாலைகளும் அமைந்துவிட்டமையால், 2022இல் சொந்தக் கலாசாலையே நிறுவத் தீர்மானித்தது.