ஒல்லியானவருக்கும் நடை வேண்டும்

புனேயின் வாகட்டில் குடியிருந்து, நாள் முழுதும் கணினி முன் அமரும் நம்மவர்கள், மருத்துவர் நடக்கச் சொன்னால், "நான் ஒல்லிதானே!" என்பதுண்டு. அதற்கு விடை புனேயிலேயே கிடைக்கிறது. அந்நகரின் கே.இ.எம். மருத்துவமனை டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் பேராசிரியர் யுட்கினும் சேர்ந்து நிற்கும் படத்தை 2004-இல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது. உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2! யுட்கின் மாரத்தான் ஓடுபவர். தமது ஓட்டமெல்லாம் மூடும் லிஃப்ட் கதவை எட்டிப் பிடிப்பதுதான் என்று யாஜ்னிக் நகைச்சுவையாகக் குறித்திருந்தார். எடைக்கருவி இந்த வேறுபாட்டைக் காட்டாது.

உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட விரைவு நடை. பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்தாலும் குறைவில்லை. எத்தனை நிமிடம், எத்தனை நாள் என்று மருந்துச் சீட்டிலேயே எழுதித் தருமாறு மருத்துவரிடம் கேட்போம். இன்சுலின் போட்டுக்கொள்வோர் நடக்கும் நேரத்தையும் அவரிடமே கேட்டு முடிவு செய்வது நலம்.