‘அனைவரும் வருக’ என்று அச்சிட்டால் போதுமா?

கடந்த ஆண்டு நமது அறக்கட்டளை சார்பில் நீரிழிவு விழிப்புணர்வுக்காக 10 கிலோமீட்டர் நடைப் பயணம் நடத்தினோம். நோட்டீஸில் ‘ஆண்கள், பெண்கள் அனைவரும் வருக’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தோம். 160 பேர் பெயர் கொடுத்தார்கள். அவர்களில் பெண்கள் 9 பேர். கடைசிவரை நடந்தவர்கள் 4 பேர். “நம் பெண்களுக்கு இதில் எல்லாம் ஆர்வம் கிடையாது” என்று கமிட்டிக் கூட்டத்தில் ஒருவர் சொன்னபோது நாங்களும் தலையாட்டினோம்.

அதன்பின் மகளிர் பிரிவுச் சகோதரிகள் சில வீடுகளுக்குச் சென்று விசாரித்து வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த பதில்கள் எங்களைத் தலைகுனிய வைத்தன. ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கைக்குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வருவது? பத்து கிலோமீட்டர் பாதையில் பெண்கள் ஒதுங்க ஓர் இடம் இல்லை. கொடுத்த டி-சட்டை அரைக்கை. அதுவும் ஆண்கள் அளவு. நடை முடியும் முன்பே புகைப்படங்கள் யாரையும் கேட்காமல் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கிவிட்டன. எல்லாவற்றையும்விட உறைத்தது இது: இரண்டு மணி நேரத்தில் தண்ணீர்ப் பந்தல்களைப் பிரித்துவிட்டோம். பின்னால் வந்த பெண்களுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க அங்கே ஆள் இல்லை.

ஆர்வம் இல்லாதவர்கள் என்று நாம் எழுதி வைத்த சகோதரிகள், இடம் இல்லாததால் வராதவர்கள். நெடுந்தூர ஓட்டம், மலையேற்றம், கடல் நீச்சல் என்று உலகம் முழுவதும் நடக்கும் போட்டிகளிலும் இதே கதைதான் நடந்திருக்கிறது. அதை அங்கே எப்படிச் சரிசெய்தார்கள் என்று தெரிந்துகொண்டால் நமக்கும் வழி கிடைக்கும்.

பெண் உடல் தாங்காது என்ற பேச்சு

1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முறையாக 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஜெர்மனியின் லினா ராட்கே உலக சாதனையோடு வென்றார். இறுதிப் போட்டியில் ஓடிய ஒன்பது பேரும் ஓட்டத்தை முடித்தார்கள். ஆனால் பெண்கள் சுருண்டு விழுந்தார்கள் என்று பல பத்திரிகைகள் எழுதின. கடும் ஓட்டத்துக்குப்பின் ஆண்களும் தரையில் சாய்வதுண்டு. அதை யாரும் செய்தியாக்கவில்லை. விளைவு, 1960 வரை ஒலிம்பிக்கில் 200 மீட்டருக்கு மேல் பெண்களுக்கு ஓட்டப் போட்டியே இல்லை. ஒரு தவறான செய்தியால் 32 ஆண்டுகள் வீணாயின.

1966-இல் பாபி கிப் என்ற பெண் பாஸ்டன் மாரத்தானுக்கு விண்ணப்பித்தார். பெண்களின் உடலுக்கு அந்தத் தூரம் ஆகாது என்று பதில் வந்தது. அவர் தொடக்கக் கோட்டுக்குப் பக்கத்தில் புதரில் மறைந்திருந்து, கூட்டத்தோடு கலந்து ஓடி முடித்தார். மறு ஆண்டு கேத்ரின் ஸ்விட்சர் பெயரின் முதல் எழுத்துகளை மட்டும் போட்டுப் பதிவு செய்து, 261 என்ற எண்ணோடு ஓடினார். ஓட்டத்தின் நடுவிலேயே ஓர் அதிகாரி அந்த எண்ணைப் பிடுங்கப் பாய்ந்தார். 1972-இல்தான் அங்கே பெண்களை முறைப்படி அனுமதித்தார்கள்.

ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் 1984-இல், லாஸ் ஏஞ்சலஸில்தான் வந்தது. அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 விநாடியில் வென்றார். அதே ஒலிம்பிக்கில் மொராக்கோவின் நவால் அல்-முதவக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வென்றார். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடு ஒன்றிலிருந்து ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் பெண் அவர்.

நம் நாட்டில் இதற்கும் முன்பே, 1959-இல் வங்காளத்தின் ஆரத்தி சாஹா ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். அந்தச் சாதனையைச் செய்த முதல் ஆசியப் பெண் அவர். உடலால் முடியுமா என்ற கேள்விக்குப் பதில் எப்போதோ கிடைத்துவிட்டது.

தாய்மைக்கு விதியில் இடம் உண்டா?

2018-இல் பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து நாடுகளைச் சுற்றி ஆல்ப்ஸ் மலையில் நடக்கும் சுமார் 170 கிலோமீட்டர் ஓட்டத்தில் பிரிட்டனைச் சேர்ந்த சோஃபி பவர் கலந்துகொண்டார். அப்போது அவர் மூன்று மாதக் குழந்தையின் தாய். வழியில் ஒரு நிறுத்தத்தில் அவர் குழந்தைக்குப் பாலூட்டிய புகைப்படம் உலகம் முழுவதும் பரவியது. தாயின் மனவுறுதியைப் பலரும் பாராட்டினார்கள். அவர் ஏன் அந்த ஆண்டே ஓட வேண்டி வந்தது என்று கேட்டவர்கள் குறைவு. காயம் பட்டவர்கள் தங்கள் இடத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க அந்தப் போட்டியின் விதி அனுமதித்தது. கர்ப்பமானவர்களுக்கு அந்த வசதி இல்லை. பல ஆண்டு உழைப்பில் கிடைத்த இடத்தை விட்டால் போய்விடும் என்பதால் அவர் ஓடினார்.

அதன்பின் அந்த விதி மாறியது. பாஸ்டன் மாரத்தானும் 2023-இல் கர்ப்பிணிகளும் புதிதாகப் பிள்ளை பெற்றவர்களும் தங்கள் இடத்தைத் தள்ளிவைக்க வழி செய்தது. இதனால் போட்டி நடத்துபவருக்குப் பெரிய செலவு ஏதும் இல்லை. விண்ணப்பப் படிவத்தில் ஒரு வரி சேர்ந்தால் போதும்.

சோஃபி பவருக்கு அடுத்த ஆண்டே இன்னொரு செய்தி வந்தது. 2019 ஜனவரியில் இங்கிலாந்தின் பென்னைன் மலைப் பாதையில் சுமார் 430 கிலோமீட்டர் தூர ஓட்டத்தை ஜாஸ்மின் பாரிஸ் 83 மணி 12 நிமிடத்தில் முடித்தார். ஆண்கள், பெண்கள் எல்லோருக்கும் முந்தி முதலாவதாக வந்தார். பழைய சாதனையை 12 மணி நேரத்துக்கும் மேல் முறியடித்தார். வீட்டில் பால்குடி மறவாத மகள் இருந்ததால், நிறுத்தங்களில் தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்துவிட்டு ஓடினார். அதற்கு மறைவான ஓர் இடமும் சில நிமிடங்களும் அவருக்குத் தேவைப்பட்டன.

ஆடை, பை, சட்டை

பெண்கள் ஓடும்போது மார்புக்கு ஆதரவு தரும் விளையாட்டு உள்ளாடை 1977-இல்தான் அமெரிக்காவில் உருவானது. அதுவரை பல பெண்கள் வலியோடு ஓடினார்கள், அல்லது ஓடாமலே இருந்தார்கள். முதுகுப்பை, மலைக் காலணி, மழைச் சட்டை எல்லாம் ஆண் உடலின் அளவில் செய்து, சின்ன அளவை ‘பெண்களுக்கு’ என்று விற்ற காலமும் உண்டு. பொருந்தாத பை தோளை அறுக்கும். பொருந்தாத காலணி கொப்புளம் தரும்.

தலையை மறைக்கும் சகோதரிகளுக்கு விதிகளே தடையாக இருந்தன. உலகக் கால்பந்து 2014-இலும் உலகக் கூடைப்பந்து 2017-இலும்தான் தலை மறைப்பை அனுமதித்தன. அதற்குள் எத்தனையோ பெண்கள் ஆட்டத்தை விட்டே போய்விட்டார்கள். நெடுந்தூர ஓட்டத்திலும் மலையேற்றத்திலும் இத்தகைய தடை பெரும்பாலும் இல்லை என்பதை நம் பெண்பிள்ளைகள் தெரிந்துகொள்வது நல்லது. நபி (ஸல்) அவர்களும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் ஓட்டப் பந்தயம் வைத்ததை அபூதாவூதில் உள்ள ஹதீஸ் வழியாக நாம் அறிவோம். பெண் ஓடுவது நமக்குப் புதிய செய்தி அன்று.

பின்னால் வருபவர்களின் நேரம்

நெடுந்தூரப் போட்டிகளில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு கெடு நேரம் உண்டு. அதற்குள் வராதவரைப் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். கெடு தேவைதான், தொண்டர்கள் நாள் முழுவதும் நிற்க முடியாது. ஆனால் பல இடங்களில் முதல் நிறுத்தத்தின் கெடுவை மிக இறுக்கமாக வைக்கிறார்கள். நெரிசலில் பின்வரிசையிலிருந்து புறப்படுபவர்களுக்குத் தொடக்கக் கோட்டைத் தாண்டவே சில நிமிடங்கள் போய்விடும். புதிதாக வரும் பெண்கள் பெரும்பாலும் அந்த வரிசையில்தான் நிற்கிறார்கள். தொடக்கத்தில் கெடுவைத் தளர்த்தி, பிற்பகுதியில் சரிசெய்தால், நிதானமாக நடந்தே முழுத் தூரத்தையும் முடிக்கக்கூடியவர்கள் பாதியில் வெளியேற மாட்டார்கள்.

உடல்நலத்தில் கவனம்

இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநல ஆய்வு (2019–21) சொல்கிறது. ஆகவே நெடுந்தூரப் பயிற்சியைத் தொடங்கும் முன் ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். பயிற்சிக்கு ஏற்பச் சாப்பிடாமல் இருந்தால் மாதவிடாய் நின்றுபோகும். எலும்பு பலவீனமாகி விரிசல் விடவும் கூடும். மாதவிடாய் தவறுவதைப் பயிற்சி நன்றாக நடக்கிறது என்பதன் அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மருத்துவரைப் பார்க்க வேண்டும். பிரசவத்துக்குப்பின் குறைந்தது 12 வாரம் கழித்தே ஓட்டத்துக்குத் திரும்பலாம் என்பது பிரிட்டன் இயன்முறை மருத்துவர்கள் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். அதுவும் ஒவ்வொருவரின் உடல்நிலையைப் பொறுத்தது.

இந்த ஆண்டு நாங்கள் செய்யவிருப்பவை

இவற்றை மனத்தில் கொண்டு, இந்த ஆண்டின் நடைப் பயணத்துக்கான கமிட்டியில் பாதிப் பேர் சகோதரிகளாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். பாதை, நேரம் இரண்டையும் அவர்களே தீர்மானித்திருக்கிறார்கள். வழியில் மூன்று இடங்களில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும், அங்கே நாப்கினும் இருக்கும். புறப்படும் இடத்துக்கு அருகே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறையும், பாலூட்ட மறைவான இடமும் ஏற்பாடாகியுள்ளன. டி-சட்டையில் முழுக்கை, பெண்கள் அளவு என்று படிவத்திலேயே குறிப்பிடலாம். படம் எடுக்க வேண்டாம் என்பவர்களுக்கு வேறு நிறத்தில் எண் அட்டை தரப்படும். அந்த அட்டை அணிந்தவரை யாரும் படம் எடுக்கக் கூடாது. மீறி எடுப்பவரிடம் அந்த இடத்திலேயே அழிக்கச் சொல்வோம். இருட்டில் தனியாகப் பயிற்சி செய்ய அஞ்சுபவர்களுக்காக வாரம் இரண்டு நாள் குழுவாக நடக்க ஏற்பாடு செய்கிறோம்.

கடைசி நபர் வந்து சேரும்வரை தண்ணீர்ப் பந்தல் இருக்கும். அதற்காக அறக்கட்டளை உறுப்பினர்கள் முறை வைத்து நிற்கிறோம்.

சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த ஞாயிறு காலையில் உங்கள் வீட்டுப் பெண்கள் நடக்க வந்தால், பசியாறலுக்கு வேண்டியதை நீங்கள் செய்து, பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் எத்தனை ஏற்பாடு செய்தாலும், வீட்டு வாசலைத் தாண்டி வர அதுதான் முதல் உதவி. கடந்த ஆண்டு தண்ணீர் இல்லாத பாதையில் கடைசிவரை நடந்த அந்த நான்கு சகோதரிகளிடமும் வருத்தம் தெரிவித்துவிட்டோம். நால்வரும் இந்த ஆண்டும் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர்களோடு இன்னும் பலர் வருவார்கள், இன்ஷா அல்லாஹ்.